செஞ்சிக்கு ஒரு நாள் போதுமா?

செஞ்சிக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்தார்.

இது நடந்து 400 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அவர் பெயர் பிமெண்டா. போர்ச்சுக்கல் நாட்டுக்காரர், ஏசு சபைப் பாதிரியார். 16-ம் நூற்றாண்டின் முடிவில் அவர் தமிழ்நாட்டில் பயணம் செய்தார். அப்போது செஞ்சியை நாயக்க மன்னர்கள் ஆண்டு வந்தார்கள்.

ஊரைப் பார்த்ததும் பாதிரியார் திகைத்துப் போனார். இந்தியாவில் தாம் கண்ட நகரங்களில் இதுவே பெரியது என்று எழுதினார். தம் நாட்டில் லிஸ்பன் ஒன்றைத் தவிர வேறு எந்த நகரமும் இதற்கு ஈடாகாது என்றும் எழுதினார். லிஸ்பன் என்பது போர்ச்சுக்கல்லின் தலைநகரம்.

ஐரோப்பாவில் இருந்து வந்த ஒருவர், தம் நாட்டுத் தலைநகரத்தோடு வைத்துப் பேசிய ஊர் நம் செஞ்சி!

இன்று நம்மவர்கள் ஐரோப்பாவுக்குப் போகிறார்கள். பழைய நகரங்களைப் பார்த்து வருகிறார்கள். நல்ல காரியம்தான். மூன்று நாள் ரோமாபுரியைப் பார்க்கப் போகிறவர், மூன்று மாதத்துக்கு முன்பே திட்டம் போடுகிறார். எந்த நாள் எதைப் பார்ப்பது, எவ்வளவு தூரம் நடப்பது, எங்கே சாப்பிடுவது என்று எல்லாவற்றையும் எழுதி வைத்துக் கொள்கிறார்.

செஞ்சிக்குப் போகிறவர் என்ன செய்கிறார்?

திருவண்ணாமலைக்குப் போகும் வழியில் கோட்டை தெரிகிறது. "கொஞ்சம் வண்டியை நிறுத்துங்கள்" என்கிறார். படம் எடுத்துக் கொள்கிறார். புறப்பட்டு விடுகிறார். இன்னும் சிலர், உச்சி வெயிலில் மலை ஏறத் தொடங்குகிறார்கள். கையில் தண்ணீர் இல்லை. பாதி வழியில் குழந்தை அழுகிறது. திரும்பி வந்து, "அங்கே என்ன இருக்கிறது? வெறும் கல்லும் சுவரும்தான்" என்கிறார்கள்.

குறை செஞ்சியில் இல்லை. திட்டம் இல்லாமல் போனதில்தான் குறை.

உலகம் ஒப்புக்கொண்டது

2025-ம் ஆண்டு ஜூலை மாதம் பாரீஸ் நகரில் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியக் குழு கூடியது. மராட்டியர் காலத்துக் கோட்டைகள் 12-ஐ உலக பாரம்பரியச் சின்னங்களாக அது அறிவித்தது. அவற்றில் 11 கோட்டைகள் மராட்டிய மாநிலத்தில் உள்ளவை. மீதி ஒன்று எது? விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள செஞ்சிக் கோட்டை!

இனி வெளிநாட்டார் அதிகமாக வருவார்கள். வரட்டும். ஆனால், பக்கத்து ஊரில் இருக்கும் நாம் அதைச் சரியாகப் பார்த்திருக்கிறோமா? இதுதான் கேள்வி.

ஒரு குடும்பம் முதல் முறையாகச் செஞ்சிக்குப் போகிறது என்று வைத்துக் கொள்வோம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. கையில் இருப்பது ஒரே ஒரு நாள். அவர்கள் எப்படிப் போக வேண்டும்?

முதல் நாள் இரவு

பயணம் மறுநாள் காலையில் தொடங்குவதில்லை. முதல் நாள் இரவே, வீட்டுத் திண்ணையில் தொடங்க வேண்டும். பிள்ளைகளுக்குச் செஞ்சியின் கதையைச் சொல்ல வேண்டும். கதை தெரியாதவனுக்குக் கோட்டை, கல். கதை தெரிந்தவனுக்கு அதே கல் பேசும்.

கதை இதுதான்.

கோட்டையை முதலில் கட்டியவர்கள் கோன் வம்சத்தார் என்பது செவிவழிச் செய்தி. பின்னர் விஜயநகரப் பேரரசின் கீழ் நாயக்கர்கள் ஆண்டார்கள். கோட்டையைப் பெரிதாக்கினார்கள். 17-ம் நூற்றாண்டின் நடுவில் அது பீஜப்பூர் சுல்தானின் கைக்குப் போயிற்று. 1677-ல் சத்ரபதி சிவாஜி அதைப் பிடித்தார்.

சிவாஜிக்குப் பின், அவருடைய மகன் ராஜாராமுக்கு ஆபத்து வந்தது. மொகலாயப் படை துரத்தியது. அவர் மராட்டிய நாட்டை விட்டுத் தப்பி, நெடுந்தூரம் கடந்து செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். மொகலாயர் படை பின்தொடர்ந்து வந்து, 1690-ல் கோட்டையை முற்றுகை இட்டது.

முற்றுகை என்றால் என்ன? கோட்டையைச் சுற்றி வளைத்துக் கொள்வது. உள்ளே இருப்பவர் வெளியே வரக்கூடாது. வெளியே இருந்து உணவு உள்ளே போகக்கூடாது. உள்ளே இருப்பவர்கள் பசியால் வாடி, தாமாகக் கதவைத் திறக்கும் வரை காத்திருப்பது.

செஞ்சியின் முன் மொகலாயர் எத்தனை காலம் காத்திருந்தார்கள், தெரியுமா? ஏறக்குறைய 8 ஆண்டுகள்! 1698-ல்தான் கோட்டை அவர்கள் கைக்கு வந்தது. அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார்.

அடுத்து வந்தவர்தான் தேசிங்கு ராஜா. உண்மைப் பெயர் தேஜ் சிங். ரஜபுத்திர வீரர். ஆர்க்காட்டு நவாபு கேட்ட கப்பத்தைக் கட்ட மறுத்தார். சிறு படையோடு பெரும் படையை எதிர்த்தார். 1714-ம் ஆண்டு அக்டோபர் மாதம் போர்க்களத்தில் மாண்டார். அப்போது அவருக்கு வயது 22 என்பார்கள். அவர் ஆட்சி செய்தது ஓர் ஆண்டுகூட இல்லை.

ஆனால், 300 ஆண்டுகளாகத் தமிழ் மக்கள் பாடி வருவது அவரைத்தான்! அவர் ஏறிய பாராசாரிக் குதிரையையும், மணக்கோலத்தில் இருந்து எழுந்து வந்து அவரோடு உயிர் விட்ட நண்பர் மோவுத்துக்காரனையும் கதைப்பாடல்கள் புகழ்கின்றன. நண்பர் ஒரு முஸ்லிம். 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்து "ராஜா தேசிங்கு" என்ற படமும் வந்தது.

தேசிங்குக்குப் பின் கோட்டை நவாபின் வசம் ஆனது. 1750-ல் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். 1761-ல் ஆங்கிலேயர் பிடித்தனர். 

இவ்வளவுதான். அரை மணி நேரத்தில் சொல்லி முடித்துவிடலாம். பாட்டிக்குத் தேசிங்கு கதை தெரிந்திருக்கும். அதைப் பாட்டியே சொல்லட்டும்.

காலையில் ஒரு மலை

செஞ்சிக் கோட்டையில் மூன்று மலைகள் உண்டு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூன்றையும் மதில் இணைக்கிறது. மதிலின் சுற்றளவு சுமார் 13 கிலோ மீட்டர்! இதை ஒரே நாளில் பார்த்துவிட நினைப்பது, கல்யாண விருந்தை ஒரே கவளத்தில் விழுங்க நினைப்பது போல.

ஒரு நாள் பயணத்துக்கு ஒரு மலை போதும்.

எந்த மலை? நல்ல காலும் மூச்சும் உள்ளவர்கள் ராஜகிரிக்குப் போகலாம். அதன் உயரம் சுமார் 800 அடி. சிறு பிள்ளைகள் இருந்தால் கிருஷ்ணகிரிக்குப் போகலாம். அது ராஜகிரியை விட உயரம் குறைந்தது. சாலைக்கு வடபுறம் இருக்கிறது. மேலே கோவில்களும், குவிந்த கூரையுள்ள அழகிய மண்டபமும் உண்டு. ஊர் மக்கள் இதை ராணிக் கோட்டை என்கிறார்கள்.

காலையில் கோட்டை திறந்ததும் ஏறத் தொடங்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும். சித்திரை, வைகாசி மாதங்கள் வேண்டாம். மார்கழி, தை மாதங்கள் நல்லவை. ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கட்டாயம். தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கக் கூடாது. குரங்குகள் பிடுங்கிக்கொள்ளும். நுழைவுக் கட்டணம் உண்டு. 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை.

ராஜகிரியில் ஏறும்போது பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். "எட்டு ஆண்டு முற்றுகையை இந்தக் கோட்டை எப்படித் தாங்கியது? கண்டுபிடியுங்கள்" என்று சொல்லுங்கள்.

அவர்கள் கண்டுபிடிப்பார்கள். வாசலுக்குப் பின் வாசல். நேராகப் போக முடியாதபடி வளைந்து வளைந்து செல்லும் வழி. உச்சிக்குச் சற்று முன் ஒரு பெரிய பிளவு. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதைத் தாண்ட ஒரே ஒரு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அங்கேயே நிற்க வேண்டியதுதான்! மேலே வற்றாத சுனை. நெல்லைச் சேர்த்து வைக்கக் களஞ்சியங்கள்.

கத்தியும் பீரங்கியும் மட்டும் கோட்டையைக் காக்கவில்லை. தண்ணீரும் நெல்லும் காத்தன. இதை ஒரு பிள்ளை தானாகவே கண்டுபிடித்துச் சொன்னால், அந்தப் பயணம் வெற்றி.

பாட்டி என்ன செய்வார்?

மலை ஏற முடியாதவர்களை வண்டியிலேயே உட்கார வைத்துவிட்டுப் போவது பெரிய தவறு. செஞ்சியில் பாதி அழகு கீழேதான் இருக்கிறது.

ராஜகிரியின் அடிவாரத்தில் கல்யாண மகால் நிற்கிறது. அடுக்கடுக்காக உயர்ந்து, மேலே போகப் போகக் குறுகும் கோபுரக் கட்டிடம். சுற்றிலும் அறைகள். வெளியே இருந்த நீர்த்தேக்கத்தில் இருந்து மண் குழாய் வழியாக அதன் மேல் அடுக்குகளுக்குத் தண்ணீர் ஏற்றினார்கள் என்று சொல்வார்கள். பக்கத்தில் வளைந்த கூரையுள்ள களஞ்சியம். யானைகள் குளித்த குளம்.

இன்னொரு புறம் வேங்கடரமணர் கோவில். அங்கே சிற்ப வேலைப்பாடுள்ள தூண்கள் பல இருந்தன. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கல் தூண்கள் செஞ்சியில் இருந்து போனவை என்பார்கள். கோவிலுக்கு அருகில் சாதத்துல்லா கான் மசூதி. தேசிங்கை வென்ற நவாபின் பெயரால் அமைந்தது. கோவிலும் மசூதியும் ஒரே மதிலுக்குள் நிற்கின்றன.

செட்டிகுளக் கரையில் ஒரு மேடை உண்டு. தேசிங்கின் உடலுக்கு அங்கேதான் எரியூட்டினார்கள், அவருடைய ராணியும் அங்கேயே உடன்கட்டை ஏறினாள் என்று ஊரில் சொல்வார்கள். முதல் நாள் இரவு கதை சொன்ன பாட்டி, அங்கே சிறிது நேரம் நிற்பார். அவருக்கு அது போதும்.

மாலையில் மேல்சித்தாமூர்

பலர் கோட்டையோடு திரும்பிவிடுகிறார்கள். திரும்பக் கூடாது. செஞ்சிக்குக் கிழக்கே, திண்டிவனம் போகும் பக்கத்தில் மேல்சித்தாமூர் இருக்கிறது. மோட்டாரில் போனால் அரை மணி நேரப் பயணம்.

சிறிய ஊர். வயலும் வீடுகளும். நடுவே கோபுரம். "இது சிவன் கோவிலா, பெருமாள் கோவிலா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். இரண்டும் இல்லை. அது பார்சுவநாதர் கோவில். சமணர்களின் கோவில்.

சமணத்தில் வழிகாட்டிகளாகப் போற்றப்படும் தீர்த்தங்கரர்கள் 24 பேர். பார்சுவநாதர் 23-வது தீர்த்தங்கரர். மகாவீரர் 24-வது தீர்த்தங்கரர். ஊரில் மலைநாதர் கோவில் என்று இன்னொரு கோவிலும் உண்டு. அங்கே ஒரு பாறையிலேயே உருவங்களைச் செதுக்கி இருக்கிறார்கள். தலைக்கு மேல் பாம்பு படம் விரிக்க, பார்சுவநாதர் நிற்கிறார். காலில் கொடி படர்ந்தும் அசையாமல் தவம் செய்யும் பாகுபலியும் இருக்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையானவை.

சமணர் என்றால் வடநாட்டு வியாபாரிகள் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த ஊருக்கு வந்தால் அந்த எண்ணம் மாறும். இவர்கள் தமிழர்கள். தாய்மொழி தமிழ். நயினார் என்று பெயருக்குப் பின் போட்டுக் கொள்கிறார்கள். பலருக்கு உழவுதான் தொழில். பொழுது சாய்வதற்குள் இரவு உணவை முடித்துக் கொள்வது இவர்கள் வழக்கம்.

தமிழ்ச் சமணர்களுக்குத் தலைமை மடம் இந்த ஊரில்தான் இருக்கிறது. ஜினகாஞ்சி மடம் என்று பெயர். மடத்தின் தலைவரை இலட்சுமிசேன பட்டாரகர் என்று அழைக்கிறார்கள். ஒருவருக்குப் பின் ஒருவராக அந்தப் பட்டம் தொடர்ந்து வருகிறது.

பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லலாம். நன்னூல் என்ற இலக்கணம் எழுதிய பவணந்தி முனிவர் சமணர். சீவக சிந்தாமணி பாடிய திருத்தக்க தேவர் சமணர். 1887-ல் உ.வே.சாமிநாதையர் சிந்தாமணியை அச்சிட்டார். அதற்கு முன் அவருக்கு எழுந்த சந்தேகங்களைத் தீர்த்து உதவியவர்கள் கும்பகோணத்தில் இருந்த தமிழ்ச் சமணர்கள். நாம் படிக்கும் தமிழில் இவர்களுடைய பங்கு பெரியது.

கோவிலுக்குப் போகும்போது முறை அறிந்து போக வேண்டும். செருப்பும் தோல் பொருளும் உள்ளே கூடாது. நடை திறக்கும் நேரத்தை முன்பே விசாரித்துக் கொள்ள வேண்டும். கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. அது காட்சிச்சாலை அல்ல. மக்கள் வழிபடும் இடம்.

எது நிலைத்தது?

காலையில் கோட்டை. மாலையில் மேல்சித்தாமூர். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதற்குக் காரணம் உண்டு.

கோட்டையின் மதில் சில இடங்களில் 60 அடி கனம். அதற்காக எத்தனை அரசுகள் சண்டை இட்டன! எத்தனை உயிர்கள் போயின! பிடித்தவர்கள் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். லிஸ்பனோடு ஒப்பிட்ட நகரத்தில் இன்று மக்கள் குடியிருக்கவில்லை. ராஜகிரிக்குப் போகும் வழியில் உள்ள கமலக்கண்ணி அம்மனுக்கு மட்டும் ஊர் மக்கள் இன்றும் பூசை செய்து வருகிறார்கள்.

மேல்சித்தாமூரில் பீரங்கி இல்லை. அகழி இல்லை. ஆனால் ஆயிரம் ஆண்டுகளாக விளக்கு எரிகிறது. ஏன்? நாள்தோறும் யாரோ ஒருவர் வந்து விளக்கு ஏற்றினார். ஓலைச்சுவடியைப் படி எடுத்தார். தம் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தார். அதனால் நிலைத்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. உலக பாரம்பரியச் சின்னம் என்ற பட்டம் ஒரு கல்லையும் காப்பாற்றாது. வந்து போகும் மக்களுக்கு அக்கறை இருந்தால்தான் காப்பாற்ற முடியும்.

மண்டபத்துச் சுவரில் பெயரைக் கீறுகிறவன், 8 ஆண்டு முற்றுகை செய்யாத கேட்டைச் செய்கிறான். மலையில் பாட்டிலை வீசுகிறவன், அடுத்து வருகிறவனுக்குக் குப்பையைக் காட்டுகிறான். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. தாங்கள் நிற்கும் இடம் எது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

ஆகவே, அதிகாரிகளும் ஆசிரியர்களும் கவனிக்க வேண்டும். பெரிய எழுத்தில், எளிய தமிழில், ஒவ்வொரு கட்டிடத்தின் கதையையும் எழுதி வைக்க வேண்டும். இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவரும் நின்று படிக்கும்படி அது இருக்க வேண்டும். நிழலும் தண்ணீரும் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளைச் செஞ்சிக்கு அழைத்து வருகிறவர்கள், மேல்சித்தாமூருக்கும் அழைத்துப் போக வேண்டும்.

அடுத்த முறைக்கு

ஒரு நாளில் விட்டுப்போனவை பல. அதைப் பற்றி வருத்தம் வேண்டாம்.

செஞ்சிக்கு வடக்கே சிங்கவரம் இருக்கிறது. அங்கே குகைக் கோவிலில் அரங்கநாதர் பள்ளி கொண்டிருக்கிறார். பாறையிலேயே செதுக்கிய பெரிய உருவம். தேசிங்கு வணங்கிய தெய்வம். போருக்குப் போக வேண்டாம் என்று அவர் முகத்தைத் திருப்பிக் கொண்டார் என்பது கதை.

அருகிலேயே திருநாதர் குன்று. ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களின் உருவங்கள். சந்திரநந்தி என்ற துறவி 57 நாள் உண்ணா நோன்பு இருந்து உயிர் நீத்த செய்தியைச் சொல்லும் பழந்தமிழ்க் கல்வெட்டும் அங்கே உண்டு.

இவை இரண்டாம் பயணத்துக்கு. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஓடிப் பார்த்தவன் மறுபடியும் வரமாட்டான். பாதியை விட்டு வந்தவன் மறுபடியும் வருவான்.

ஒன்று நினைவில் இருக்கட்டும். அமாவாசை நாளில் பயணம் வைக்க வேண்டாம். அன்று மேல்மலையனூர் அங்காளம்மன் கோவிலுக்குப் பெருங்கூட்டம் போகும். செஞ்சி வழியாகப் போகும் பஸ்களில் கால் வைக்க இடம் இருக்காது.

செஞ்சிக்கு ஒரு நாள் போதுமா? பார்த்து முடிக்கப் போதாது. பார்க்கத் தொடங்கப் போதும்.

வீடு திரும்பியதும் பிள்ளைகளிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். பார்த்ததை ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். பிழை இருந்தாலும் பரவாயில்லை. அன்று அந்தப் பாதிரியார் எழுதி வைத்ததால்தான், செஞ்சி எவ்வளவு பெரிய நகரமாக இருந்தது என்பது நமக்குத் தெரிகிறது. இன்று அது எப்படி இருக்கிறது என்பதை நம் வீட்டுப் பிள்ளை எழுதட்டும்.